லுச்சியின் அஜீரணம்

வட கல்கத்தாவில் நீலமணி சந்தில் நாற்பத்தொரு வீடுகள், நாற்பத்தொரு வயிறுகள். வீட்டுக்கு ஒரு வயிறுதானா என்று கேட்கக் கூடாது. மற்றவர்களுக்கும் வயிறு இருந்தது. ஆனால் சந்து முழுக்கப் பேசப்படும் வயிறு வீட்டுக்கு ஒன்றுதான். அங்கே காலையில் பால் வாங்கப் போகும் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை. "சரியாப் போச்சா?" என்பார்கள். போயிருந்தால் சிரித்துவிட்டு நகர்வார்கள். போகாவிட்டால் அங்கேயே நின்று அரை மணி நேரம் பேசுவார்கள்.

அத்தனை வயிறுகளுக்கும் காவலாக இருந்தவர் அமியநாத் பாதுரி. எழுபத்திரண்டு வயது, பிரம்மச்சாரி. சணல் ஆலை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு கட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே அப்பாவின் மரப்பெட்டியைத் திறந்து ஹோமியோபதி ஆரம்பித்துவிட்டார். பட்டம் கிடையாது. பெட்டியும் அப்பாவுடையது, புத்தகமும் அப்பாவுடையது. காசு வாங்கமாட்டார், ஆகவே யாரும் குறை சொல்லவும் முடியாது. எந்த நோயாக இருந்தாலும் அவர் அதைக் கையைப் பிடித்து வயிற்றுக்குக் கூட்டிவந்துவிடுவார். பல்வலியா, வாயு. பையன் பரீட்சையில் தோற்றானா, லிவர். ஒருமுறை அவர் ஜன்னல் வழியே கொட்டிய பழைய மருந்து உருண்டைகளைத் தின்ற காக்கை மூன்று நாள் பின்பக்கமாகவே பறந்தது. இதைப் பக்கத்து வீட்டு நித்தாய் பாபு தன் கண்ணால் பார்த்தார். நித்தாய் பாபுவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்பது வேறு விஷயம்.

மாடியில் அவருடைய தம்பி குடும்பம். தம்பி கமலேஷுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பான். தம்பி மனைவி சுதபா பள்ளிக்கூட டீச்சர். ஒரே மகள். பிறந்தபோது நாலு கிலோ. வெள்ளை வெளேரென்று, எண்ணெயில் போட்டு எடுத்த பூரி போல உப்பிக்கொண்டு வந்தாள். பெரியப்பா பார்த்த மாத்திரத்தில் "லுச்சி!" என்றார். அங்கே பூரிக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடச் சேர்க்கைக்காக வேறொரு பேரும் வைத்தார்கள், ஆனால் அதைப் பள்ளிக்கூடம் மட்டுமே வைத்துக்கொண்டது.

பத்தொன்பது வயதிலும் லுச்சி அந்தப் பேருக்குத் துரோகம் செய்யவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பசிக்கும். பங்குனியில் ஓர் உறவுக் கல்யாணம். போட்டோ எடுக்க எல்லோரும் மேடையில் ஏறியபோது அமியநாத் கையை ஆட்டிச் சொன்னார்: "லுச்சி, நீ ஓரமா வந்துடும்மா. நடுவுல நின்னா பொண்ணும் மாப்பிள்ளையும் தெரிய மாட்டாங்க."

மேடையே சிரித்தது. லுச்சிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அமியநாத்துக்குத் தன் நகைச்சுவையைப் பற்றி எப்போதுமே நல்ல அபிப்பிராயம்.

அதற்கு அடுத்த வாரம் அவள் ராத்திரிச் சோற்றை விட்டாள். அதற்கடுத்து மீனை. சுதபா விடுவாளா? வங்காளி வீட்டில் ஒரு பெண் மீன் வேண்டாம் என்பது ராஜத்துரோகம். மூன்று நாள் மாடியில் போர். நாலாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த லுச்சிக்கு வெறும் வயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் வந்தது. கீழே உட்கார்ந்திருந்த அமியநாத் காதில் அது விழுந்துவிட்டது.

"அஜீரணம்!" என்று படிக்கட்டில் குரல் கொடுத்தார். "சுதபா, தட்டை எடு! இந்த நிலைமையில ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது!"

"அப்படியா பொர்தா?" சுதபாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. கணவனின் மூத்த அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள். "அஜீரணம்னு சொல்லித் தொலைச்சா என்னடி? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன்."

தட்டு மரியாதையோடு அகற்றப்பட்டது. பசிக்கவில்லை என்றால் அழுகையும் ஆணையும் வருகிற வீட்டில், அஜீரணம் என்றால் வெந்நீரும் அனுதாபமும் வருகிறது என்பதை லுச்சி அன்று தெரிந்துகொண்டாள். கெட்டிக்காரப் பெண். ஒரு தடவை சொன்னால் போதும்.

அன்று முதல் வேளைக்கு ஆறு சர்க்கரை உருண்டை. காலையில் அவளே கீழே வந்து கை நீட்டுவாள். "ஜேட்டு, நெஞ்சு எரியுது." பெரியப்பாவை ஜேட்டு என்பார்கள். ஜேட்டுவும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, தலையை ஆட்டி, குப்பியைக் கவிழ்ப்பார். இப்படி ஒழுங்காக மருந்துக்கு வருகிற நோயாளி அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

சித்திரை வெயிலில் கல்கத்தாவில் தார் உருகி மாட்டுக் குளம்பில் ஒட்டியபோது லுச்சி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். "உள் சூடு வெளியே வருது, அதான் வெளியே குளிருது" என்றார் அமியநாத். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் காதுக்கு நன்றாக இருந்தது. ஆனியில் குளியலறைச் சாக்கடை முடியால் அடைத்துக்கொண்டது. ஆடியில் சுதபா படிக்கட்டில் நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பொர்தா, மூணு மாசமா அவளுக்கு அது வரல" என்றாள். அமியநாத்தும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே வேறு குப்பி கொடுத்தார். நாடி பார்த்தார்: நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. தன்னுடையது எழுபத்தெட்டு. அகமகிழ்ந்து போனார்.

"யோகிகளுக்குத்தான் இப்படி ஓடும்" என்று நித்தாய் பாபுவிடம் சொன்னார். "மருந்து வேலை செய்யுது."

"எனக்கும் அதையே குடுங்களேன்" என்றார் நித்தாய் பாபு.

அந்த வருஷம் சந்தில் இரண்டு அதிசயங்கள் நடந்தன. ஒன்று, லுச்சி சமைக்க ஆரம்பித்தாள். பாயசம், மீன் தலை போட்ட பருப்பு, கோஃப்தா என்று வாரத்தில் மூன்று நாள் சமைத்து, தெருவில் எல்லோருக்கும் கொடுத்து, அவர்கள் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரே நின்று பார்ப்பாள். அமியநாத்துக்கு மட்டும் ஐந்து கிலோ கூடியது. இரண்டாவது, பாதுரி வீட்டு மொட்டை மாடிக் காக்கைகள் கொழுத்தன. எப்படிக் கொழுத்தன என்றால், புரட்டாசியில் அவை பறப்பதையே விட்டுவிட்டன. கைப்பிடிச் சுவரில் வரிசையாக நடந்து போய், அடுத்த வீட்டுச் சுவருக்கு எட்டி வைத்து ஏறின. அமியநாத் இதைக் கவனித்தார். பருவநிலை மாறிவிட்டது என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமும் எழுதினார்.

துர்கா பூஜைக்கு ரவிக்கை தைத்த கஃபூர் மாஸ்டர் மகாளய அமாவாசையன்று அளவெடுத்தார். சஷ்டியன்று போட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலம் தொளதொளவென்றது. "முப்பது வருஷத்துல எனக்கு அளவு தப்பினதே இல்ல" என்று நொந்துபோய், அளவு நாடாவைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்கினார். அவரும் நாடாவைத்தான் சந்தேகப்பட்டார்.

அஷ்டமி காலையில் தேவிக்குப் பூப்போடும்வரை யாரும் எதுவும் சாப்பிடுவதில்லை. பந்தலில் கூட்டம். லுச்சி கை நிறையப் பூவோடு முதல் வரிசையில் நின்றாள். அன்று ஒரு நாள்தான் அவள் பட்டினிக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. மூன்றாவது மந்திரத்தில் பூ விழுந்தது. பின்னாலேயே அவளும் விழுந்தாள். விழுந்த சத்தமே கேட்கவில்லை என்பதுதான் அமியநாத்துக்குப் பிற்பாடு மறக்க முடியாமல் போயிற்று. ஒரு புடவை கொடியிலிருந்து நழுவினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான்.

"வாயு தலைக்கேறிடுச்சு!" என்றது கூட்டம்.

தூக்கியது அமியநாத். எழுபத்திரண்டு வயதுக் கிழவர் பத்தொன்பது வயதுப் பெண்ணை இரண்டு கையில் ஏந்தி, டாக்சி நிற்கும் இடம்வரை மூச்சு வாங்காமல் நடந்தார். பாதி வழியில்தான் மூச்சு வாங்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஹானா கானம் பேனாவைத் திறந்தாள். "பேஷண்ட் பேரு?"

"லுச்சி" என்றார் அமியநாத்.

பேனா நின்றது. "நான் டிபன் கேக்கல. பேரு?"

அவர் சுதபாவைப் பார்த்தார். சுதபா அழுதுகொண்டே, "தூர்பா. தூர்பா பாதுரி" என்றாள். தூர்பா என்றால் அறுகம்புல். அந்தக் கட்டிலில் கிடந்ததற்கு அது பொருத்தமாகவே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தாள். "முப்பத்திநாலு கிலோ. நாடி முப்பத்தாறு. எத்தனை மாசமா சாப்பிடல?"

"அவளுக்கு அஜீரணம், டாக்டர். நான்தான் மருந்து…"

"அந்தப் புண்ணியவான் நீங்கதானா?" டாக்டருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. "கண்ணாடி போட்டிருக்கீங்களே, அது எதுக்கு? அவ கையைப் பாத்தீங்களா? முதுகைப் பாக்கச் சொன்னீங்களா அம்மாவை? கோழிக்குஞ்சு மாதிரி பூனைமுடி. குளிர் தாங்காம உடம்பு தானே போர்வை நெய்துக்குது. கொழுப்பு தீந்துபோய் இப்ப சதையைத் தின்னுட்டிருக்கு. இதயமும் சதைதான், பாபு. எலும்பை இனிமேதான் பாக்கணும். நல்ல சேதி வராது."

"வீம்புக்கா சாப்பிடாம இருந்தா?"

"வீம்பு இல்ல, நோய். மனசைப் பிடிச்சு உடம்பைக் கொல்ற நோய். கண்ணாடியில பாத்தா அவளுக்கு இன்னும் குண்டாத்தான் தெரியும். சத்தியம் பண்ணுவா. பொய் சொல்றான்னு அடிக்காதீங்க. அவளுக்கு அப்படித்தான் தெரியுது."

அமியநாத் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "யாராவது ஏதாவது… விளையாட்டுக்குச் சொன்னா, வருமா?"

"ஒரே ஒரு பேச்சால வராது. பல காரணம் சேரணும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. இப்ப யாரும் பாசத்துல சோறு ஊட்டிடாதீங்க. இவ்வளவு நாள் காஞ்ச உடம்புல ஒரேயடியா சாப்பாடு இறங்கினா ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறா ஆயிடும். இதயம் நின்னுடும். நாங்க குடுக்கறதுதான், நாங்க சொல்ற அளவுதான். பட்டினியில பிழைச்சவளை விருந்துல கொன்னுடாதீங்க."

டாக்டர் சொல்லி முடிக்கவும் நீலமணி சந்து வந்து சேரவும் சரியாக இருந்தது. பதினொரு டிபன் கேரியர்கள். அஷ்டமி நாள் வேறு. பிரசாதக் கிச்சடி, கடலைப் பருப்பு, பாயசம், அடுக்கடுக்காகப் பூரி. படைக்குத் தலைமை நித்தாய் பாபுவின் மனைவி மிருணாளினி.

"வழி விடுங்க அமிய பாபு. புள்ள வாடிக் கிடக்குது."

"சாப்பாடு குடுக்கக் கூடாது, பௌதி. குடுத்தா உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் சொல்லுது." பௌதி என்றால் அண்ணி; சிநேகிதர்களின் மனைவியையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சோறு கொல்லுமா?" மிருணாளினி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டீங்களா அநியாயத்தை? அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? புள்ள பெத்தவளா? தள்ளுங்க, ரெண்டு வாய் பாயசம் போனா கண்ணு முழிச்சுக்குவா."

அமியநாத் கெஞ்சினார். ரத்தம், உப்பு, இதயம் என்று தான் கேட்டதையெல்லாம் ஒப்பித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. மிருணாளினி திரைச்சீலையை விலக்கி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். கரண்டி கையில் தயாராக இருந்தது. உள்ளே சுதபா, "குடுங்க அக்கா, குடுங்க" என்று அழுதாள்.

அமியநாத் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்: "அஜீரணம்! கடும் அஜீரணம்! குடல் ஒட்டிக்கிச்சு! ஒரு சொட்டு இறங்கினாலும் வெடிச்சிடும்!"

மிருணாளினியின் கால் தானாக வெளியே வந்தது. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள் மனத்தாங்கலோடு. "ரத்தம் கித்தம்னு என்னமோ உளறிட்டிருக்கீங்க." பதினொரு கேரியர்களும் சத்தம் போடாமல் படியிறங்கின. போகிற வழியில் சந்து முழுக்கச் செய்தி பரவியது: பாதுரி வீட்டுப் பெண்ணுக்குக் குடல் ஒட்டிக்கொண்டது, அமிய பாபு பார்த்துக்கொள்கிறார்.

அன்று மாலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனார். லுச்சியின் அலமாரியில், கம்பளிச் சட்டைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. கழுத்துவரை நிறைய வெள்ளை உருண்டைகள். வேளைக்கு ஆறு வீதம் ஆறு மாதம். ஒன்றுகூடக் குறையவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தன் மருந்து பலிக்கவில்லை என்றால் அவர் தாங்கியிருப்பார்; பலிக்காத மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டு. இது அது இல்லை. அவள் தினமும் வந்து கை நீட்டியதும், அவர் நாக்கைப் பார்த்துத் தலையாட்டியதும், எல்லாம் இந்தப் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தன.

பத்து நாள் கழித்து, கஞ்சியைக் கரண்டியால் அளந்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, கட்டிலருகே உட்கார்ந்து கேட்டார். "ஏண்டி, அந்த உருண்டையைக்கூடவா?"

லுச்சி மேற்கூரையைப் பார்த்தாள். "சர்க்கரை, ஜேட்டு."

கடுகளவு உருண்டை. அதற்குப் பயந்திருக்கிறாள்.

"கல்யாணத்துல நான் ஒண்ணு சொன்னேனே…"

"ஞாபகம் இருக்கு."

"விளையாட்டுக்குத்தான்மா."

"தெரியும். நானும் சிரிச்சேன்ல." பிறகு சொன்னாள், "என்னைத் தூர்பான்னு கூப்பிடுங்க."

மார்கழியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பது கிலோ. எலும்பு ஸ்கேனில் அறுபது வயதுக்காரியின் எலும்பு. வாரம் ஒரு தடவை எடை, வாரம் இரண்டு தடவை மனநல டாக்டர். ஒவ்வொரு வேளையும் எதிரே ஒருவர் உட்கார வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் கூடவே இருக்க வேண்டும் என்பது டாக்டர் ரெஹானாவின் கட்டளை. சுதபா பள்ளிக்கூடம் போய்விடுவதால் மதியம் அமியநாத்தின் முறை. நாற்பது நிமிஷத்தில் ஒரு கிண்ணம் சோறு. அவள் அழுவாள், வைவாள், "கிழட்டுப் போலீஸ்" என்பாள். அவர் அசையமாட்டார். மரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்.

ஆனால் சந்து தள்ளவில்லை. ஒட்டிய குடலை உருண்டையாலேயே பிரித்த மனிதர் என்று பேர் பரவி, அடுத்த பேட்டையிலிருந்தெல்லாம் வந்தார்கள். "நான் ஒண்ணும் பண்ணல" என்றால், "எவ்வளவு அடக்கம்!" என்றார்கள். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்; அவர்களில் பாதிப் பேருக்கு வழியிலேயே குணமாகிவிட்டது. அதற்கும் பேர் அவருக்கே.

தை மாதத்தில் ஒரு மதியம், சோற்றுக் கிண்ணம் பாதியில் இருந்தபோது, மிருணாளினி தன் பேத்தியை இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். தித்லி, பதினாறு வயது. தடித்த கம்பளிச் சட்டை. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்.

"லுச்சிக்கு வந்த அதே அஜீரணம் அமிய பாபு. ரெண்டு மாசமா எது வெச்சாலும் நெஞ்செரிச்சல்ங்கறா. அதே உருண்டை ஒரு குப்பி குடுங்க."

அமியநாத் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். சட்டைக் கையை ஒரு விரற்கடை மேலே தள்ளினார். பூனைமுடி. தித்லி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பௌதி, இது வயிறு இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் ரெஹானா கானம்னு கேளுங்க."

"லுச்சியை மட்டும் நீங்க குணமாக்குவீங்க, எங்க வீட்டுப் புள்ளைக்கு ஆஸ்பத்திரியா?"

"நான் குணமாக்கல! அன்னைக்கு நான் சொன்னது பொய். அவளுக்கு அஜீரணமே கிடையாது!" அவர் உள்ளே போய் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "பாருங்க. ஆறு மாச மருந்து. ஒண்ணு, ஒரே ஒண்ணு, அவ முழுங்கல. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, பௌதி. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், அவ செத்துக்கிட்டே இருந்தா."

தூர்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மிருணாளினி பாட்டிலை வெகு நேரம் பார்த்தாள். கையில் எடுத்துக் குலுக்கினாள். அவள் முகத்தில் பக்தி வந்தது.

"முழுங்காமலே குணமாயிடுச்சா?" என்றாள். "அப்ப இந்த பாட்டிலையே குடுத்துடுங்க. அலமாரியில வெச்சுக்கறோம்."

அமியநாத் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். அவள் கோபித்துக்கொண்டு, எதிர்ச் சந்து பரேஷ் வைத்தியர் இவ்வளவு கஞ்சன் இல்லை என்று சொல்லி, பேத்தியோடு படியிறங்கினாள். அவர் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார்.

"வயிறு இல்ல பௌதி! வயிறே இல்ல!"

காலணிக் கடை வாசலில் இருந்த நித்தாய் பாபு கேட்டுவிட்டார். "வயிறே இல்லையாம்! யாரு சொல்றது பாருங்க!" சந்து முழுவதும் சிரித்தது. பங்குனிக் கல்யாண மேடை சிரித்த அதே சிரிப்பு. தித்லி மட்டும் திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அகப்பட்டுக்கொண்ட திருடன் போலீஸ்காரனைப் பார்க்கிற பார்வை. பிறகு அவளும் போய்விட்டாள்.

அவர் மேலே வந்தபோது பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கிண்ணம் காலி. தூர்பா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுட்டேன், ஜேட்டு."

அவர் அவளைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. போய் ஜன்னலோரப் பூந்தொட்டியில் விரலை விட்டார். அவள் பார்த்துக்கொண்டே இருக்க, அடிவரை விட்டுத் துழாவினார். வெறும் மண். அவருக்கு வெட்கமாக இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவரில் இரண்டு காக்கைகள் அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் அலகில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

அமியநாத் சமையலறைக்குப் போனார். பானையிலிருந்து அதே கிண்ணம் நிறைய, அதே அளவு, சோறு எடுத்தார். மீனின் முள்ளை நீக்கினார். கொண்டுவந்து அவள் முன் வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. கோபத் தண்ணீர். "அஜீரணம், ஜேட்டு. நிஜமாவே."

"தெரியும்மா" என்றார் அமியநாத். "சாப்பிடு."